ஆர்தர் எம். ஆண்டர்சன் என்ற ஏரிக் கப்பல்: கேள்வி பதில்

அமெரிக்கப் பேரேரிகளில் ஓடும் சரக்குக் கப்பல்களைப் பற்றிப் போன வாரம் பேசும்போது ஆண்டர்சன் பேரைச் சொன்னேன். அதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த வருடங்களில் நான் காத்திருந்து பார்த்த கப்பல் அது.

கேள்வி: அண்ணா, ஏரி என்றால் இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியுமே! அதில் எப்படி இவ்வளவு பெரிய கப்பல்?

பதில்: சுப்பீரியர் ஏரி மேற்கு கிழக்காக 350 மைல், தம்பி. நடுவில் போய்விட்டால் நாலு பக்கமும் தண்ணீர்தான். இரும்புத் தாது மினசோட்டாவில் இருக்கிறது. உருக்காலைகளோ தெற்கே மிச்சிகன், ஈரி ஏரிகளின் பக்கம். டன் கணக்கில் கொண்டுபோகத் தண்ணீரைவிட மலிவான வழி கிடையாது. டூ ஹார்பர்ஸ் துறைமுகத்தில் தாதை ஏற்ற வேண்டியது, சூ லாக்கில், அதாவது கதவை மூடித் தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலை மேலும் கீழும் கொண்டுபோகும் தொட்டியில், 21 அடி கீழே இறங்க வேண்டியது, இண்டியானாவின் கேரியிலோ ஒஹாயோவின் கான்னியாட்டிலோ கொட்ட வேண்டியது. அப்புறம் மறுபடி வடக்கே. ஆண்டர்சனை யு.எஸ். ஸ்டீல் என்ற உருக்கு நிறுவனத்தின் கப்பல் பிரிவுக்காக 1952இல் ஒஹாயோவின் லொரெய்னில் கட்டினார்கள். அப்போது நீளம் 647 அடி, அகலம் 70 அடி. ஏரிக்கரை ஊர்க்காரர்கள் இதைக் கப்பல் என்றே சொல்லமாட்டார்கள். ஆயிரம் அடி நீளம் இருந்தாலும் அவர்களுக்கு 'போட்'தான்.

கேள்வி: படத்தில் கப்பலைச் செலுத்தும் அறை முன்னால் மூக்கிலேயே இருக்கிறது, புகைபோக்கி கடைசியில். ஏன் இப்படி?

பதில்: நடுவில் முழுக்கச் சரக்கு வைக்கத்தான். குறுகலான ஆற்று வழியிலும் லாக்கிலும் நுழையும்போது முன்னால் நிற்பவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். 1869இல் கிளீவ்லாந்தில் கட்டிய ஆர். ஜே. ஹாக்கெட் காலத்திலிருந்து வந்த அமைப்பு இது. பிற்பாடு வந்தவற்றில் எல்லாமே பின்பக்கம் போய்விட்டது. எனக்கு அந்தப் பழைய முகம்தான் பிடிக்கும்.

கேள்வி: தாதை எப்படி இறக்குவார்கள்? ஆட்களா, கிரேனா?

பதில்: இந்தக் கப்பலின் கதையே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஏற்றுவது சுலபம். உயரமான மேடையின் மேல் ரயில் வந்து நிற்கும், தாது சரிவுக்குழாய் வழியாகத் தானாகக் கப்பலுக்குள் விழும். இறக்குவதுதான் பாடு. ஆரம்ப காலத்தில் கரையில் ஹூலட் என்ற ராட்சத இயந்திரங்கள் நிற்கும். ஒரு வாய்க்கு 17 டன் அள்ளும். அதை ஓட்டுகிற ஆள் எங்கேயோ கரையில் உட்கார்ந்திருக்கமாட்டார். வாளிக்கு நேர் மேலே, அந்தக் காலுக்குள்ளேயே உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் வாளியோடு சரக்கறைக்குள் இறங்கி ஏறுவார். நாள் முழுக்க இதே வேலை.

அந்தக் காலத்துத் தாது மண் மாதிரி இருக்கும், ஈரமானால் அப்பிக்கொள்ளும். நல்ல தாது குறையக் குறைய, டாகனைட் என்ற கடினப் பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, கோலிக்குண்டு அளவு உருண்டைகளாகச் சுட ஆரம்பித்தார்கள். தண்டவாள ஓரத்தில் சிந்திக் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்ன உருண்டைக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று கை எதிர்பார்க்கவில்லை. விரலெல்லாம் துரு நிறம். உருண்டை என்றால் உருளும், கன்வேயர் பெல்ட்டில் ஓடும். அதனால் 1982இல் ஆண்டர்சனின் வயிற்றையே மாற்றினார்கள். சரக்கறையின் தரையைச் சரிவாக்கி, அடியில் கதவுகள் வைத்து, அதற்குக் கீழே பெல்ட். தளத்தின்மேல் சுமார் 250 அடி நீளத்துக்கு பூம் என்ற நீண்ட கை ஒன்று. அதைக் கரைப்பக்கம் திருப்பினால் போதும், தானே கொட்டிவிடும். கரையில் ஓர் இயந்திரமும் வேண்டாம்.

கேள்வி: கப்பலை நடுவில் வெட்டி நீளமாக்கினார்கள் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 1969இல் சூ லாக்கில் 1,200 அடி நீளமுள்ள புதிய போ லாக் வந்தது. 1972லேயே ஆயிரம் அடிக் கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது. 647 அடியை வைத்துக்கொண்டு போட்டி போட முடியுமா? விஸ்கான்சினில் சுப்பீரியர் நகரத்து ஃபிரேசர் கப்பல் பட்டறையில் குறுக்கே வெட்டி, நடுவில் 120 அடித் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்தார்கள். 1975இல் நீளம் 767 அடி ஆகிவிட்டது. கடல் பக்கம் போகும் வெல்லண்ட் கால்வாயில் 740 அடிக்கு மேல் அனுமதி இல்லை. ஆக, இனி இது ஒன்டாரியோ ஏரிக்கே இறங்க முடியாது. மேலே உள்ள நாலு ஏரிதான் அதற்கு உலகம்.

கேள்வி: தம்பி, எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது பக்கத்தில் இருந்தது இந்தக் கப்பல்தானா?

பதில்: ஆமாம் அம்மா. 1975 நவம்பர் 10. புதுத் துண்டு வைத்த அதே வருடம். இரண்டு கப்பலுமே தாது ஏற்றிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்தன. ஃபிட்ஸ்ஜெரால்ட் முன்னால், ஆண்டர்சன் சில மைல் பின்னால். மதியத்துக்கு மேல் ஃபிட்ஸ்ஜெரால்டின் கேப்டன் மெக்சார்லி, கைப்பிடிக் கம்பி சாய்ந்துவிட்டது, கப்பல் ஒருபக்கம் சரிகிறது என்று ரேடியோவில் சொன்னார். பிறகு அவருடைய இரண்டு ரேடாரும் போயின. அதற்கப்புறம் அந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தது ஆண்டர்சன்தான். ஏழு மணிக்குச் சற்று முன் பின்பக்கமாக வந்த இரண்டு பேரலைகள் ஆண்டர்சன்மேல் ஏறி, உயிர்காப்புப் படகைச் சிதைத்துவிட்டு முன்னால் போயின. 7.10க்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் ரேடாரில் அந்தப் புள்ளியே இல்லை. 29 பேர்.

ஆண்டர்சனின் கேப்டன் பெர்னி கூப்பர் எப்படியோ ஒயிட்ஃபிஷ் வளைகுடாவின் மறைவுக்குள் வந்து சேர்ந்துவிட்டார். அப்போது கடலோரக் காவல்படை, திரும்பிப் போய்த் தேட முடியுமா என்று கேட்டது. போனார். அந்த அலையில் கப்பலைத் திருப்பும்போது சில நிமிடம் பக்கவாட்டைக் காட்டித்தான் ஆக வேண்டும், அதில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாததல்ல. அவரோடு துணைக்குப் போனது வில்லியம் கிளே ஃபோர்ட் என்ற கப்பல். உடைந்த படகுகளும் மிதந்த பொருட்களும்தான் கிடைத்தன. ஆண்டர்சனைப் பற்றி யார் கேட்டாலும், அது திரும்பிப் போன கப்பல் என்றுதான் நான் முதலில் சொல்வேன்.

கேள்வி: 1952இல் கட்டியது இத்தனை வருடம் எப்படித் தாங்குகிறது?

பதில்: நன்னீர். உப்பு கிடையாது, தகடு அவ்வளவாக அரிக்காது. கடல் கப்பல் 25, 30 வருடத்தில் உடைக்கப் போய்விடும். தவிர ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை சூ லாக் மூடியிருக்கும். அந்த ஓய்வில் பழுது பார்ப்பார்கள். 2015 பிப்ரவரியில் கான்னியாட் அருகே பனியில் சில நாள் சிக்கிக்கொண்டதும், கனடாவின் பனியுடைக்கும் கப்பல் வந்து விடுவித்ததும் உண்டு.

கேள்வி: நடுவில் ஓடாமல் நின்றுவிட்டதாமே?

பதில்: 2017 ஜனவரியில் மினசோட்டாவின் டலூத் துறைமுகம் பக்கம் கட்டிப்போட்டார்கள். இரண்டு கோடை போனது. இனி உடைக்கத்தான் அனுப்புவார்கள் என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. 2019 ஜூலையில் மறுபடி கிளம்பியது.

கேள்வி: கடைசியாக ஒன்று அண்ணா. அதன் ஹாரன் சத்தம் பற்றி ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

பதில்: மூன்று நீளம், இரண்டு குட்டை. ஏரிக் கப்பல்கள் மரியாதை செய்யும் முறை அது. டலூத் கால்வாய்ச் சுவரோரம் நின்றால் கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் போவது மாதிரி இருக்கும். ஆண்டர்சன் ஊதும்போது காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத்தான் முதலில் தெரியும். தூக்குப் பாலத்திலிருந்து அதே மாதிரி பதில் வரும். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டே இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்துவார்கள்.