செடியில்லாமல் வேர் வளருமா?

கேள்வி: மூலிகையின் வேரை மட்டும் ஆய்வகத்தில் வளர்த்து மருந்துப் பொருள் எடுக்கிறார்களாமே, அது எப்படி?

பதில்: மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்னும் பாக்டீரியா, செடியின் காயம்பட்ட இடத்தில் தொற்றும்போது, தன் டி.என்.ஏ.வின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்திவிடுகிறது. அதன் விளைவாக அங்கே மயிரிழை போன்ற வேர்கள் கொத்தாக முளைக்கின்றன. அவற்றை வெட்டியெடுத்து, ஆன்டிபயாடிக் மருந்தால் பாக்டீரியாவை நீக்கி, சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த திரவத்தில் இட்டால், வெளியிலிருந்து ஹார்மோன் எதுவும் சேர்க்காமலேயே, இருட்டிலும் அவை கிளைத்து வளரும். தனிச் செல்களாக வளர்ப்பதைவிட இம்முறையையே நான் மேலாகக் கருதுகிறேன். ஏனெனில் ஊமத்தையில் உள்ள ஹயோசயமின் என்ற மருந்துப் பொருள் போன்றவை, வேர் என்ற உறுப்பு உருவான பிறகே நல்ல அளவில் உற்பத்தியாகின்றன. தாக்குதலின்போது செடிகள் தாமே சுரக்கும் மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சிறிதளவு சேர்த்தால், பூச்சி தாக்கிவிட்டதாக ஏமாந்து (பாவம், வேர்!) தற்காப்புப் பொருள்களைக் கூடுதலாக உருவாக்கும் செடிகளும் உண்டு.

எல்லாப் பொருளும் இப்படிக் கிடைத்துவிடாது. நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்குத் தேவையான வின்டோலின் என்ற மூலப்பொருள், வேரில் அன்று, இலையில்தான் உருவாகிறது. பெரிய கலன்களில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், நடுப்பகுதிக்குப் போதிய ஆக்சிஜன் சென்றடையாததும் பெருந்தடையாக இருக்கிறது. தென்கொரியாவில் ஜின்செங் என்ற மூலிகையின் வேரைப் பெரிய கலன்களில் வணிக அளவில் வளர்க்கிறார்கள் என்றாலும், அங்கே வேரைத் தூண்டுவது பாக்டீரியா அன்று, ஹார்மோன்.