ஹட்டன் என்று தேடினால் அட்டன் கிடைக்குமா? – ஒரு நூலகரின் பதில்கள்

மலையக நகரமொன்றின் பொது நூலகத்தில் 24 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அட்டைப் பெட்டிக் காலத்தில் சேர்ந்தவள். இப்போது கணினிப் பட்டியல், பழைய தாள்களைப் படமெடுத்தல், தொலைபேசி வகுப்பு எல்லாம் ஒரே மேசையில் நடக்கின்றன. நூலகத்துக்குள் வந்திருக்கும் புதிய தொழில்நுட்பம் பற்றி எதையும் கேளுங்கள் என்று வாசகர்களிடம் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மிஞ்சியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் ஆறாயிரம் புத்தகங்கள் இருக்கின்றன. கணினியில் பட்டியல் செய்யும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எந்த மென்பொருள் நல்லது, எங்கே தொடங்குவது, மிஸ்? (நூலக உதவியாளர், நோர்வூட்)

கோஹாவை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் சிறிய வட்டார நூலகங்கள் சில தங்கள் தேவைக்காக எழுதுவித்தது அது. 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. பெயருக்கேற்ப, யாரும் பணம் கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். மென்பொருளுக்குத்தான் காசில்லை, அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும், மாலையில் நூலகத்தைப் பூட்டும் முன் தவறாமல் பிரதி எடுக்கும் பழக்கமும் கட்டாயம் வேண்டும்.

தங்கச்சி, மென்பொருளைவிட முக்கியமானது நீங்கள் எந்த எழுத்தில் அடிக்கிறீர்கள் என்பது. எங்கள் முதல் பட்டியலைப் பாமினி எழுத்துருவில் அடித்தோம். நான்காயிரம் தலைப்புகள், திரையில் அழகான தமிழ். புதிய கணினிக்கு மாற்றிய அன்று ஒரு தலைப்பைக்கூட வாசிக்க முடியவில்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தன. பாமினி ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. கணினிக்குள்ளே தமிழ் கிடையாது. மாற்றும் கருவிகள் இருக்கின்றன என்றாலும், கொம்பும் காலும் இடம் மாறிப்போன சொற்களை நானும் இன்னொருவரும் மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். நீங்கள் முதல் புத்தகத்திலிருந்தே யுனிகோடில் அடியுங்கள்.

அடுத்தது பெயர்கள். ஒரு நூலின் அட்டையில் ஹட்டன், இன்னொன்றில் அட்டன். நுவரெலியா, நுவரேலியா, பழைய பாடல்களில் நூரளை. வாசகர் ஒன்றைத் தேடினால் மற்றவையும் வர வேண்டும். கோஹாவில் ஒரு பெயருக்கு ஒரு தலைமைப் பதிவு உண்டாக்கி, மற்ற வடிவங்களை அதன்கீழ் இணைக்கலாம். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு பயனும் உண்டு. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி பகுப்பின்படி வைத்தால் நம்மைப் பற்றிய நூல்கள் நூலகம் முழுவதும் சிதறிவிடுகின்றன: தொழிலாளர் பற்றியவை 331 இல், நாட்டார் பாடல் 398 இல், தேயிலைச் செய்கை 633.72 இல், கதையும் கவிதையும் 894.811 இல், வரலாறு 954.93 இல். அலுமாரியில் இவற்றை ஒன்றாக வைக்க வழியில்லை. ஒவ்வொரு பதிவிலும் ‘மலையகம்’ என்ற பொருள் தலைப்பைச் சேர்த்துவிட்டால் ஒரே தேடலில் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எங்கள் பட்டியலில் அப்படி முதன்முறை வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கியது.

நாளொன்றுக்கு இருவர் அறுபது புத்தகங்கள் என்று வைத்தால் ஆறாயிரத்துக்கு 100 வேலை நாட்கள். ஏறத்தாழ ஐந்து மாதம். இரவல் பகுதியை முதலில் முடியுங்கள்; உசாத்துணைப் பகுதி காத்திருக்கும்.

கேள்வி: பார்கோட் போதுமா, ரேடியோ சில்லு ஒட்ட வேண்டுமா? (பாடசாலை நூலகர், பதுளை)

பார்கோட் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடைச் சிட்டை அச்சிடும் வெப்பத்தாளில் பார்கோட் அடித்தால் நாளடைவில் மங்கி மறைந்துவிடும். சாதாரண லேசர் அச்சில் அடித்து, மேலே தெளிவான ஒட்டுத்தாளை விளிம்பு தாண்டி ஒட்டுங்கள். நம் பனி ஈரத்தில் ஓரம்தான் முதலில் கிளம்பும்.

கேள்வி: எங்கள் சபையில் நூலகத்துக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். இருபது டேப்லட் வாங்கி மின்நூலகம் திறக்கலாமென்று யோசனை. உங்கள் கருத்து? (பிரதேச சபை உறுப்பினர்)

ஐயா, நேரடியாகவே சொல்கிறேன்: இப்போது வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு நூலகத்துக்கு டேப்லட்கள் அன்பளிப்பாக வந்தன. திறப்பு விழா நடந்தது, படம் எடுத்தார்கள். தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை இல்லாததால் மறுநாளே இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது பற்றரிகள் உப்பி, திரைகளே மேலே எழும்பியிருந்தன. அந்த அலுமாரிக்கு எதிர்மேசையில் தினமும் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பணத்தில் முதலில் ஓர் ஆளுக்குப் பயிற்சி கொடுங்கள். பிறகு மூன்று கணினி, ஒரு வருடி, ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று. பொருள் கெட்டாலும் தொலைந்தாலும் நூலகரின் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று சபையில் தீர்மானம் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் எந்தக் கருவியும் பூட்டுக்குள்தான் இருக்கும்.

மீதியைத் தோட்டத்துக்குக் கொண்டு போங்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் சேவை செய்வதற்குத் தடையாக இருந்தது உங்களுக்குத் தெரியும். 2018 இல் திருத்தம் வந்துவிட்டது. வாரம் ஒருநாள் ஒரு வேன், நூறு புத்தகம், ஒரு மடிக்கணினி. பிள்ளைக் காம்பராவின் முன்னால் நிறுத்தினால் போதும், பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாயும் புத்தகத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

கேள்வி: எங்கள் பாடசாலை மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. சிக்னல் கிடையாது. ஒன்லைனில் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள், எங்களுக்கு என்ன வழி? (அதிபர், மஸ்கெலியா)

சேர், இணையத்தை ஒரு பெட்டியில் அடைத்து மேலே கொண்டு போகலாம். ராஸ்பெரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு சிறு கணினி இருக்கிறது. இணையமில்லாமல் வாசிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் அதில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஏற்றலாம். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள். கொலிப்ரி என்ற இலவச மென்பொருளில் பாடங்களையும் பயிற்சிகளையும் ஏற்றலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் நகரத்தில் தரவிறக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி தானே ஒரு வைபை அலையை வீசும். வகுப்பறைக்குள் இருக்கும் தொலைபேசிகள் அதில் இணையும். ரீலோட் செலவு இல்லை. தொலைபேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்க் ஒன்றே அதைச் சில மணி நேரம் தாங்கும். 2022 இல் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் எங்கள் வாசிகசாலையில் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான்.

தவணைக்கு ஒருமுறை பெட்டியை நகரத்துக்குக் கொண்டுவந்து புதுப்பியுங்கள். பஸ்ஸில் வரும் ஆசிரியர் ஒருவரின் பையில் அடங்கும்.

கேள்வி: உயர்தரச் செயற்றிட்டத்துக்காகச் செயற்கை நுண்ணறிவிடம் மலையக வரலாறு பற்றிய நூல்களைக் கேட்டேன். ஐந்து நூல்கள் தந்தது. உங்களைப் போன்ற ஒரு நூலகர் ‘இப்படி நூல்களே இல்லை’ என்கிறார். யாரை நம்புவது? (மாணவி, ஹட்டன்)

மகளே, நூலகரை நம்பு. இதே போன்ற பட்டியலோடு எங்கள் மேசைக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். நூல் மட்டும் உலகத்தில் இருக்காது. அந்த இயந்திரம் எந்த அலுமாரியையும் போய்ப் பார்ப்பதில்லை. முன்பு படித்த எழுத்துகளிலிருந்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து அடுக்குகிறது. தமிழில், அதிலும் மலையகம் பற்றி, அது படித்தது மிகக் குறைவு. அதனால் இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பிவிடுகிறது.

எங்கள் சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுக்கிறோம். 2007 முதல் நூலின் சர்வதேச எண் (ISBN) 13 இலக்கம். இடப்பக்கத்திலிருந்து 1, 3, 5 ஆம் இடங்களில் இப்படியே ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள இலக்கங்களை அப்படியே கூட்டு. 2, 4, 6 என்று வரும் இடங்களில் உள்ளவற்றை மூன்றால் பெருக்கிக் கூட்டு. மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் அந்த எண் பொய். வகுபட்டாலும் நூல் உண்டென்று முடிவு கட்டாதே, பட்டியலில் தேடு. இலங்கை நூல்களின் எண்ணில் 978 ஐ அடுத்து 955 அல்லது 624 வரும். கடந்த மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையில் பென்சிலோடு கூட்டிப் பார்த்துவிட்டு, “மிஸ், இது கள்ள நம்பர்!” என்று வாசிகசாலையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். நான் அதட்டவில்லை.

அந்தக் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நீ வாசித்த பக்கத்தை எளிமையாக விளக்கச் சொல், உன் கட்டுரையிலுள்ள குழப்பமான வசனத்தைக் காட்டச் சொல். நூலும் ஆதாரமும் தேட ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்குப் போ. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக ஏற்றிவருகிறார்கள். மலையக வெளியீடுகளும் அங்கே இருக்கின்றன.

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய துண்டுகள் (தோட்டத்தில் எழுதிக் கொடுத்த கடன் சீட்டுகள்), செக்ரோல் என்ற தோட்டப் பெயர்ப்பதிவுத் தாள்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்த காலத்துக் கடிதங்கள் இருக்கின்றன. பூஞ்சணம் பிடிக்கிறது. லெமினேட் செய்யட்டுமா? (பண்டாரவளை)

தயவுசெய்து செய்யாதீர்கள். லெமினேட் செய்த தாளை இனி எவராலும் பிரிக்க முடியாது. சூட்டில் மையும் கெடும். செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை தாளை மஞ்சளாக்கித் தின்றுவிடும். அடுப்பு மேல் பரணில் காயவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. புகையும் சூடும் தாளை அப்பளம்போல் நொறுக்கும். மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் பூஞ்சணத்தை வெளியே வைத்துத் தட்டிவிடுங்கள்.

பிறகு படம். மேகமூட்டமான பகலில் சன்னலோரம், கறுப்புத் துணி விரித்து ஒவ்வொரு தாளாக வையுங்கள். பிளாஷ் போடாதீர்கள். தொலைபேசியைத் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். வெறுமையாகத் தெரிந்தாலும் பின்பக்கத்தையும் எடுங்கள். எங்களிடம் வந்த ஒரு துண்டின் பின்புறத்தில், பென்சிலில், பிள்ளைகள் பிறந்த திகதிகளை ஒரு தாய் யாரையோ கொண்டு எழுதிவைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே பதிவு அதுதான். நூலகத்துக்குக் கொண்டுவந்தால் வருடியில் 300 புள்ளி அடர்த்தியில் எடுத்துத் தருவோம். மூலத்தாள் உங்களிடமே இருக்கும்.

படங்களை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 1981 இல் யாழ்ப்பாணத்தில் ஒரே கட்டிடத்தில் 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்டவர்கள் நாம். பொதுவில் ஏற்றும் முன், உயிரோடிருப்பவர்களின் அடையாள இலக்கங்களை மறைத்துவிடுங்கள். ‘இதை எழுதியது யார், எந்தத் தோட்டம்’ என்று வீட்டில் மூத்தவர் சொல்வதைத் தொலைபேசியில் குரலாகப் பதிந்து படத்தோடு சேருங்கள். அதை இந்த வாரமே செய்யுங்கள்; தாளுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.

கேள்வி: மின்னூல் வந்தபின் அச்சு நூலகம் எதற்கு? (கொழும்பில் வேலை செய்யும் தலவாக்கலை இளைஞர்)

லயத்து வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு தொலைபேசி, தம்பி. புத்தகம் ஐந்து பேருக்கு ஐந்து கிடைக்கும்.

கேள்வி: என் மகனுக்குப் பார்வை இல்லை. நூலகக் கணினி அவனுக்குப் பயன்படுமா? (தந்தை, இராகலை)

பயன்படும் ஐயா. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். 2006 இல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் எழுதத் தொடங்கியது. தமிழையும் வாசிக்கும், குரல் சற்று இயந்திரத்தனமாக இருக்கும், ஒரு வாரத்தில் காது பழகிவிடும். படமாக எடுக்கப்பட்ட பக்கத்தை மட்டும் அதனால் வாசிக்க முடியாது. முதலில் எழுத்துணரி கொண்டு எழுத்தாக மாற்ற வேண்டும். அவனுக்குத் தேவையான பாடநூலை உங்கள் நூலகரிடம் சொல்லுங்கள். பார்வையற்றோருக்கான நூல் வடிவங்கள் பற்றிய 2013 மராகேஷ் உடன்படிக்கையில் இலங்கையும் இணைந்திருக்கிறது என்பதையும் நினைவூட்டுங்கள்.

கேள்வி: அம்மா முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். வட்ஸ்அப்பில் என்னோடு பேசப் புதுத் தொலைபேசி அனுப்பினேன். “என் விரலுக்கு இது கேட்கவில்லை” என்று வைத்துவிட்டார். உங்கள் வகுப்பில் சேர்ப்பீர்களா? (கட்டாரிலிருந்து ஒரு மகள்)

சேர்ப்போம். அம்மா சொன்னது உண்மை, அது அவர் பிழையில்லை. இந்தத் திரைகள் விரலின் மின்கடத்தலை உணர்ந்து வேலை செய்பவை. கொழுந்து கிள்ளிக் காய்ப்பேறிய, வறண்ட விரல்நுனியை அவை சரியாக உணர்வதில்லை. ரேகை தேய்ந்திருப்பதால் விரல்ரேகைப் பூட்டும் திறக்காது. எங்கள் வகுப்பில் முதல் நாள் நான்கு பெண்கள் இதே காரணத்தால் “எங்களுக்குப் புத்தி போதாது, மிஸ்” என்று எழுந்து போகப் பார்த்தார்கள். அவர்கள் கையைப் பிடித்து விரலைச் சற்றுச் சரித்து, பக்கவாட்டுச் சதையால் தொட வைத்தேன். திரை திறந்தது. அன்று ஒருவரும் போகவில்லை.

திரைமேல் தடித்த கண்ணாடி ஒட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். அமைப்புகளில் தொடுஉணர்வைக் கூட்டும் வசதி சில தொலைபேசிகளில் உண்டு, இருந்தால் போடுங்கள். ரேகைக்குப் பதிலாக நான்கு இலக்கப் பூட்டு. எழுதச் சிரமமென்றால் குரல்வழித் தட்டச்சில் ‘தமிழ் (இலங்கை)’ என்று தெரிவுசெய்யலாம். வங்கியிலிருந்து பேசுகிறோம், குறுஞ்செய்தியில் வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை நீங்களும் அழைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருங்கள்.

வகுப்பு ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு. அங்கத்தவர் அட்டை தேவையில்லை. தொலைபேசியோடு மின்னூட்டியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் அழைப்பை உங்களுக்குத்தான் எடுக்க வைப்பேன்; கட்டாரில் அப்போது காலை 11.30 மணி.