கடலில் ஓடும் படகு ஏரியில் ஏன் நிற்கிறது?

தம்பி, ஒருவரே ஓட்டும் சின்னப் பாய்ப்படகான லேசர் புதுச்சேரிக் கடலில் நன்றாக ஓடுகிறது, ஹைதராபாத் ஹுசைன் சாகர் ஏரிப் போட்டியில் போன முறை கடைசியாக வந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் கடலூர்க்காரன். எனக்கும் முதல் ஏரிப் போட்டி அப்படித்தான் போனது.

நம் கரையில் மதியம் கிளம்பும் கடற்காற்று ஒரே திசையில் நிலையாக அடிக்கும். ஏரியில் அப்படி இல்லை. சுற்றிலும் கட்டடமும் மரமும். காற்று நிமிடத்துக்கு ஒரு பக்கம் திரும்பும். அதனால் பாயையே முறைத்துக்கொண்டு இருக்காதீர்கள், எதிரே தண்ணீரைப் பாருங்கள். கருத்த திட்டாக நகர்ந்து வருகிறதே, அதுதான் காற்று. அது முகத்துக்கு நேராக வந்து படகின் மூக்கை, சுற்ற வேண்டிய மிதவையிலிருந்து விலக்கித் தள்ளினால் யோசிக்காமல் மறுபக்கம் திருப்பிவிடுங்கள். நான் செய்த தப்பு, திருப்பினால் வேகம் போய்விடும் என்று பிடிவாதமாக நேரே போனது.

அப்புறம், காற்று குறைந்தால் எங்கே உட்காருகிறீர்கள்? பின்னால் களகளவென்று சத்தம் கேட்டால் பின்பகுதி தண்ணீரை இழுக்கிறது என்று அர்த்தம். நகர்ந்து முன்னால் வாருங்கள். காற்று போகும் பக்கம் படகைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் பாய் தொங்காமல் வடிவம் பிடிக்கும். சுக்கானை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், அது பிரேக் மாதிரி.

மிதவையில் இடித்தால் பதறாதீர்கள். மற்ற படகுகளை விட்டு விலகி ஒரு முழுச் சுற்று சுற்றினால் போதும். உங்களுக்குக் காற்று இடப்பக்கமிருந்து வந்தால், வலப்பக்கமிருந்து காற்று வாங்கி வருகிறவருக்கு வழி விட மறக்காதீர்கள்.