அழுகும் பணம்: கெசெல் பற்றிக் கேட்டவையும் நான் சொன்னவையும்

சில்வியோ கெசெலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்வி. அதைப் பிற்பாடு பார்ப்போம்.

யார் சார் இவர்? புரட்சிக்காரரா, வியாபாரியா? (வெங்காய மண்டி வைத்திருப்பவர்)

இரண்டும்தான். ஜெர்மனியிலிருந்து போய் அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரிஸில் கடை வைத்தவர். 1890 வாக்கில் அங்கே பணநெருக்கடி வந்தபோது அவருக்கு உறைத்த விஷயம் உங்களுக்குத் தினமும் தெரிந்ததுதான். உங்கள் வெங்காயம் நாளாக நாளாக அழுகும், கிட்டங்கிக்கு வாடகை ஓடும். வாங்க வருகிறவர் பையில் இருக்கும் நோட்டு அழுகாது. அதனால் அவர் காத்திருக்கலாம், நீங்கள் காத்திருக்க முடியாது. அப்படியானால் பணத்தையும் அழுக வைப்போம் என்றார் கெசெல். கையிலேயே வைத்திருந்தால் மதிப்புக் குறையும், செலவழித்தால் குறையாது. பணத்தைப் பதுக்கிக் காத்திருக்க முடியாது என்றால் வட்டியும் ஒழியும் என்பது அவர் கணக்கு. 1919 ஏப்ரலில் ஜெர்மனியின் பவேரியாவில் புரட்சிக்காரர்கள் அமைத்த சோவியத் குடியரசில் ஒரு வாரம் நிதி அமைச்சராகவும் இருந்தார். தேசத்துரோக வழக்குப் போட்டார்கள், விடுதலையானார்.

முதலாளிகள் இதை ஏன் தொட்டார்கள்? வட்டியை ஒழிக்கும் கொள்கை ஆயிற்றே?

நல்ல கேள்வி. அவர்கள் வட்டி ஒழிப்பை எடுத்துக்கொள்ளவில்லை, பணம் நிற்காமல் கைமாறும் சுற்றோட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். பவேரியாவின் ஷ்வானன்கிர்ஹனில் மூடிக்கிடந்த நிலக்கரிச் சுரங்கம் ஒன்று. அதை வைத்திருந்த ஹெபெக்கர் என்ற பொறியாளர், கெசெலின் சீடர்கள் அச்சடித்த 'வேரா' நோட்டில் கூலி கொடுத்தார். ஊர்க் கடைக்காரர்கள் முதலில் வாங்க மாட்டோம் என்றார்கள். அவர் வேராவை ஏற்கும் மொத்த வியாபாரிகளிடம் சரக்கு எடுத்துத் தானே கடை போட்டார். வியாபாரம் கைவிட்டுப் போவதைப் பார்த்ததும் ஊர்க் கடைகளும் வாங்க ஆரம்பித்தன. கொள்கை புரிந்து யாரும் வாங்கவில்லை, அண்ணாச்சி எதிர்க்கடையைப் பார்த்து மாறுவது மாதிரிதான். 1931இல் பெர்லின் அரசு தடை போட்டது.

அடுத்த வருஷம் ஆஸ்திரியாவின் வோர்கல் நகராட்சி இதைக் கையில் எடுத்தது, சொந்த நோட்டு அடித்துப் பாலம், சாலை வேலைக்குக் கூலியாகக் கொடுத்தது. மேயர் உன்டர்குகன்பெர்கர் ரயில்வே தொழிலாளி. நோட்டில் மாதத்துக்கு ஒரு கட்டம். மாதம் முடிந்தால் நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் 1 சதவீதத்துக்கு வில்லை (ஸ்டாம்ப்) வாங்கி ஒட்ட வேண்டும், அதாவது 1 ஷில்லிங் நோட்டுக்கு 1 குரோஷன். இல்லாவிட்டால் நோட்டு செல்லாது. மாதக் கடைசியில் அதை வைத்திருக்க யாருக்கு மனசு வரும்? 1933இல் மத்திய வங்கி நிறுத்தியது.

வோர்கலில் பாலமும் சாலையும் வந்தது வில்லையாலா? சும்மா ஒரு நகராட்சி செலவு செய்ததாலா? (ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி)

ஐயா இதை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சூடாகக் கேட்டார். நடுவில் இருவர் புகுந்து வில்லைதான் எல்லாம் என்று சண்டை பிடித்தார்கள். நான் ஐயா பக்கம் பாதி. மக்கள் நோட்டை முதலில் தள்ளிய இடம் நகராட்சி வரிக் கவுண்டர். பாக்கி வரி வந்தது, சிலர் முன்கூட்டியே கட்டினார்கள். நகராட்சி அதே நோட்டை மறுபடி கூலியாகக் கொடுத்தது. வேலையை நடத்தியது செலவுதான். ஆனால் அந்தப் பாக்கி அதற்கு முன் ஏன் வரவில்லை? அங்கேதான் வில்லை வருகிறது. ஐயா இதை ஒப்பவில்லை. சரி, விடுவோம்.

அமெரிக்காவில் தோற்றதாமே?

அயோவாவின் ஹவார்டன் ஊரில் தேதிக்கு வில்லை வைக்காமல் கைமாறும் ஒவ்வொரு தடவைக்கும் வில்லை வைத்தார்கள். செலவழித்தால் அபராதம் என்று ஆகிவிட்டது. தலைகீழ்! ஒரு யோசனை ஊர் தாண்டும்போது திருகாணி ஒன்று கழன்றாலும் இந்தக் கதிதான். தேதியா, பரிவர்த்தனையா என்று பார்க்காமல் எந்தத் திட்டத்தையும் புகழாதீர்கள். பொருளாதாரப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர் அன்றே சொன்ன குறை இது.

பொருளாதார அறிஞர்கள் மதித்தார்களா?

கெசெலின் அன்பர்கள் புத்தகங்களை அனுப்பித் தள்ளியும் முதலில் அவரைக் கிறுக்கர் வரிசையில் வைத்திருந்ததாக ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் கெயின்ஸே ஒப்புக்கொள்கிறார். பிறகு 1936இல், மார்க்ஸை விடக் கெசெலின் மனப்பாங்கிலிருந்து எதிர்காலம் அதிகம் கற்கும் என்று எழுதினார்.

இன்றைக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

சுவிட்சர்லாந்தின் 'வீர்' வங்கி. 1934இல் கெசெல் அன்பர்கள் தொடங்கியது. சிறு தொழில்கள் தங்களுக்குள் கடன் கணக்கு வைத்துக்கொள்ளும் வலை. வைத்திருந்தால் மதிப்புக் குறையும் விதியைப் பிற்பாடு கைவிட்டார்கள், வட்டியும் வந்தது. வியாபாரிகள் தங்கினார்கள், கொள்கை வீட்டுக்குப் போனது.

இது கிரிப்டோ தானே? / பிட்காயின் மாதிரியா? / கிரிப்டோவுக்கு முன்னோடியா?

இல்லை. இல்லை. இல்லை. பிட்காயினை வைத்துக்கொண்டு காத்திருப்பவர் லாபம் பார்க்க நினைக்கிறார். கெசெல் காத்திருப்பவரைத் தண்டிக்கிறார். யாராவது 'கெசெல் நாணயம்' விற்க வந்தால் பர்ஸை உள்ளே வையுங்கள். இதைப் பதினோராவது தடவை சொல்கிறேன்.

இஸ்லாமிய வங்கி முறையோடு ஒப்பிட முடியுமா?

என் துறை இல்லை. தெரிந்தவரைக் கேளுங்கள்.

கெசெல் வோர்கலைப் பார்த்து என்ன சொன்னார்?

பார்க்கவில்லை. பெர்லினுக்குப் பக்கத்தில் ஈடன் என்ற பழத்தோட்டக் கூட்டுறவுக் குடியிருப்பில் 1930இல் இறந்துவிட்டார். வோர்கலின் முதல் நோட்டு வெளிவந்தது 1932 ஜூலையில்.