உள்ளூர்ப் பத்திரிகையில் வாராவாரம் எதை எழுதுவது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமத்தில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் பகுதியில் வரும் சிறிய வார இதழ் ஒன்றில் கருத்துப் பகுதி எழுதுகிறேன். நீட், விலைவாசி, மது, பிள்ளைகளின் செல்போன் மோகம் எல்லாம் எழுதி முடித்துவிட்டேன், இப்போது ஒன்றும் தோன்றவில்லை. "நம்ம ஊர் விஷயமா எழுதுங்க சார்" என்கிறார் இதழின் ஆசிரியர். எங்கள் ஊரில் வாரம் ஒரு விஷயம் எங்கே நடக்கிறது?

பதில்: நடக்கிறது சார், ஒன்றுக்கு மேலேயே நடக்கிறது. நீட் பற்றியும் விலைவாசி பற்றியும் உங்கள் வாசகர் ஏற்கெனவே நாலு இடத்தில் படித்திருப்பார், டிவியிலும் கேட்டிருப்பார். அவர் வயலுக்குப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தில் மூன்று நாளாக ஏன் எடை போடவில்லை என்பதை நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. தலைப்பைத் தேடி வீட்டில் உட்காராதீர்கள். இதை முடிவு செய்தது யார், எப்போது, எந்தக் காகிதத்தில் என்ற கேள்வியோடு கிளம்புங்கள், அதற்குப் பதில் தேடிப் போகிற வழியில் நாலு கட்டுரை கிடைக்கும்.

கொள்முதலையே எடுத்துக்கொள்வோம், உங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. குறுவை அறுப்பு மழையோடு மோதும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள், மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், 2022இல் 19 சதவீதம் வரை தளர்த்தினார்கள். இதெல்லாம் பெரிய பத்திரிகைகளிலேயே வந்துவிடும். அவர்கள் வண்டியை விட்டு இறங்காமல் கடந்து போன இடத்தில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது. உங்கள் நிலையத்தின் களம் சிமென்ட் தரையா, மண் தரையா? தார்ப்பாய் போதுமான அளவு இருக்கிறதா? வாங்கிய மூட்டைகளைக் கிடங்குக்கு ஏற்ற லாரி வரவில்லை, அதனால் அடுக்க இடமில்லை, இடமில்லாததால் எடை போடவில்லை, விவசாயி ராத்திரி முழுக்கக் குவியலுக்குக் காவல் இருக்கிறார், நடுவில் மழை பெய்தால் மறுபடி காயவைக்க ஆள் பிடிக்க வேண்டும், அந்தக் கூலியை யார் தருகிறார்கள்? லாரிக்கான ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, தாமதமானால் அவருக்கு ஏதாவது அபராதம் உண்டா? 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கை மாறுவதாகப் பல வருடமாகப் புகார் இருக்கிறது. அங்கே மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு முறையாகக் கிடைக்கும் கூலி எவ்வளவு, அதில் குடும்பம் ஓடுமா என்று அவரிடமே உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறீர்களா? சாலையில் நெல்லைக் கொட்டுகிறார்கள், வண்டிகள் சறுக்குகின்றன என்று கோபப்படுவது சுலபம், உலர்களம் கட்டுவதாகச் சொன்ன இடம் என்ன ஆனது என்று விசாரிக்கத்தான் கொஞ்சம் அலைய வேண்டும். அலைந்தால் அந்தக் கட்டுரையை ஊரே படிக்கும்.

காலண்டரும் பெரிய உதவி. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம், 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. அணை திறந்த தேதியை எல்லாரும் எழுதுவார்கள், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த தேதியை நீங்கள் எழுதுங்கள். கோடையில் தூர்வாரும் பணி நடக்கும்போதே போய்ப் பாருங்கள், எந்த வாய்க்கால், எவ்வளவு நீளம், எவ்வளவு தொகை என்று குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வந்த பிறகு அதே இடத்துக்கு மறுபடி போங்கள். முந்தைய வருடக் குறிப்பும் கையில் இருந்தால் உங்களால் எழுத முடிகிற கட்டுரையைச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் யாராலும் எழுத முடியாது.

அப்புறம், போய் உட்கார வேண்டிய இடங்கள். மன்னார்குடி நகராட்சி மன்றக் கூட்டத்துக்கு முன்பே மன்றப் பொருள், அதாவது கூட்டத்தில் எடுக்கப்போகும் விஷயங்களின் பட்டியல், தயாராகிவிடும், தெரிந்த வார்டு உறுப்பினர் ஒருவரிடம் ஒரு பிரதி கேளுங்கள். பெரும்பாலானவர்கள் புரட்டாத காகிதம் அது, எந்தத் தெருவுக்கு என்ன வேலை, எவ்வளவு செலவு என்று அதில் இருக்கும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம், மாதம் ஒரு தடவை விவசாயிகளுக்குத் தனிக் கூட்டம். உள்ளே அதிகாரி சொல்வதைவிட, வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் பேசுவது பலன் தரும், ஒரே குறை எத்தனை ஊர்களிலிருந்து வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கிராமசபையையும் விடாதீர்கள். குடியரசு தினம், மார்ச் 22, மே 1, சுதந்திர தினம், அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. 2019இல் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் உங்கள் திருவாரூரும் ஒன்று, அங்கெல்லாம் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் வீட்டுக்கே போய்க் கேட்கிற மாதிரி ஒரு தலைவர் இல்லாமல் போனதில் ஊருக்கு என்ன ஆனது, எந்த வேலை நின்றது, எது நன்றாகவே நடந்தது? ஒரு பெரிய ஜனநாயக விஷயம் உங்கள் தெருமுனைக்கே வந்திருக்கிறது சார், இதற்குமேல் என்ன தலைப்பு வேண்டும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மாதம் ஒரு மனு போட்டுவைத்தால் ஏதோ ஒரு வாரத்தில் பதில் வந்து நிற்கும், சரியான பதில் வராவிட்டால் அதைப் பற்றியே எழுதலாம்.

கேள்வி: உள்ளூரில் எழுதினால் எல்லாரும் தெரிந்த முகமாக இருக்கிறார்கள். பகை வருமே, வழக்குப் போட்டால் என்ன செய்வது?

பதில்: இந்தப் பயம் நியாயமானது. சென்னையிலிருந்து எழுதுகிறவர் தாம் விமர்சித்தவரை மறுநாள் கடைத்தெருவில் பார்க்க வேண்டியதில்லை, நீங்கள் பார்த்தாக வேண்டும். ஆளை விட்டுவிட்டு முடிவைப் பற்றி எழுதுங்கள். 'இந்த வேலைக்கு இவ்வளவு தொகை ஒதுக்கினார்கள், வேலை இந்த நிலையில் இருக்கிறது' என்பதற்குக் காகிதமும் போட்டோவும் கையில் இருக்கட்டும். பிரசுரத்துக்கு முன்பே சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே போடுங்கள், பதில் சொல்ல மறுத்தால் அதையும் போடுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 356ஆவது பிரிவின் கீழ் அவதூறு குற்றம்தான், 'கருத்துப் பகுதி' என்று மேலே போட்டுவிட்டால் தவறான தகவலுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. இன்னொன்று, இதை நான் வழக்கைவிட முக்கியமாக நினைக்கிறேன்: உங்களிடம் மனம்விட்டுப் பேசிய சுமைதூக்கும் தொழிலாளியின் பெயரை அவர் சம்மதமில்லாமல் போடாதீர்கள். நாளைக்கு வேலை போனால் அவருக்கு உங்கள் கட்டுரை சோறு போடாது.

கேள்வி: ஒரு தடவை எழுதிய விஷயத்தையே மறுபடி எழுதலாமா? வாசகர்கள் சலித்துக்கொள்ள மாட்டார்களா?

பதில்: எழுத வேண்டும். ஒரு வாரத்தோடு விட்டுவிடுவோம் என்று அலுவலகங்களுக்குத் தெரியும், அதனால்தான் பதில் சொல்லாமல் இருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்குப் போங்கள். எதுவும் மாறவில்லை என்றால், முந்தைய கட்டுரை வந்த தேதியையும் அப்போது அதிகாரி கொடுத்த வாக்கையும் முதல் பத்தியிலேயே போட்டு எழுதுங்கள். வேலை நடந்திருந்தால் அதற்கும் அதே அளவு இடம் கொடுங்கள், செய்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்.