அயலவரின் கொட்டிலில் கருஞ்சிறுத்தை என்று எழுதிவிட்டோம், இப்போது என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் அக்கா. நானும் மனைவியும் இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு ஏக்கர் காணி வாங்கி, பதினான்கு செம்மறிகள் வளர்க்கிறோம். போன மாதம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு செம்மறிகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. இரண்டாவது செத்த அன்று பின்னேரம் வேலியோரமாக ஒரு கறுப்பு மிருகம் நடந்து போனதை என் கண்ணால் கண்டேன். உடம்பு நீளம், வால் கிட்டத்தட்ட நிலத்தைத் தொட்டது. பொலிஸார் ஒரு இலக்கம் தந்து குறித்துக்கொண்டதோடு சரி. எங்களுக்கு இரண்டு காணி தள்ளி இருக்கும் பெரியவர் முன்பு மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்தவராம், எப்போதும் பூட்டியிருக்கும் கொட்டிலில் ஏதோ வளர்க்கிறாராம் என்று ஊரில் கதை. ஆத்திரத்தில் மனைவி ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பெயரைப் போட்டு, 'இவருடைய சிறுத்தைதான் எங்கள் ஆடுகளைக் கொன்றது' என்று எழுதிவிட்டா. இப்போது அவருடைய சொலிசிட்டரிடமிருந்து அவதூறு என்று கடிதம், 14 நாட்களில் பதில் வேண்டுமாம். செத்த ஆடுகளுக்கு யார் நட்டஈடு தருவது? பக்கத்துக் காணிக்காரர் துவக்கோடு காத்திருந்து சுடுகிறேன் என்கிறார். சுடலாமா?

பதில்: நீங்கள் ஆடுகளைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். ஆடுகளுக்காக வழக்குப் போட உங்களுக்கு ஆறு வருடம் இருக்கிறது. கடிதத்துக்கு இரண்டு வாரம்தான்.

குழுவில் எழுதியதை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். மனைவி எழுதியது, அதற்கு வந்த பதில்கள், குழுவில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள் என்பது எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அழித்தாலும் யாரோ ஒருவரின் போனில் அது இருக்கத்தான் போகிறது. அது அவர்களிடம் இருந்து உங்களிடம் இல்லாமல் போவதுதான் ஆபத்து. அப்புறம், அந்தக் குழுவில் இந்த விடயமாக இனி ஒரு சொல்லும் வேண்டாம், சிரிப்புப் பொம்மைகூட வேண்டாம்.

2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின்படி, எழுதியது அவருடைய பெயருக்குக் கடுமையான பாதிப்பை உண்டாக்கியிருக்க வேண்டும், அல்லது உண்டாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மனம் நொந்தது மட்டும் போதாது. ஊர்க் குழுவில் அறுபது பேர்தானே என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் அவர் தினமும் முகம் பார்த்து வாழும் அறுபது பேர் அவர்கள்தான் என்று அந்தப் பக்கம் சொல்லும். எழுதிய விதமும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. 'எனக்கு அப்படித்தான் படுகிறது' என்று எழுதியிருந்தால், அதற்கு ஏதாவது அடிப்படையும் காட்டியிருந்தால், நேர்மையான அபிப்பிராயம் என்ற பாதுகாப்பைத் தேடிப் பார்க்கலாம். 'கொன்றது' என்பது அபிப்பிராயம் இல்லை. அனுமதி இல்லாமல் சிறுத்தை வளர்ப்பது குற்றம் என்பதால், ஒரு குற்றச்சாட்டும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

உண்மை என்று நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்க வேண்டியவர் அவர் இல்லை, உங்கள் மனைவி. ஒரு சிறுத்தை இருந்தது, அது அவருடையது, உங்கள் ஆடுகளைக் கடித்தது அதுதான். மூன்றும் தேவை. உங்கள் கையில் இருப்பது முதலாவதில் பாதி.

ஆகவே என் ஆலோசனை, உள்ளூர் சொலிசிட்டர் ஒருவர் மூலம் ஒரு திருத்தம் எழுதிக் கொடுக்க முன்வருவது. சிறுத்தையே இல்லை என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை, கண்டதைக் காணவில்லை என்று சொல்லவும் வேண்டியதில்லை. அது அவருடையது என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை, பெயரைப் போட்டது பிழை, மன்னிக்கவும் என்று இரண்டு மூன்று வரி. அதே குழுவில், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட சொற்களில். இப்படியான கடிதங்களில் பெரும்பாலானவை அதோடு முடிந்துவிடும். பெரியவரிடம் நேரே போய்ப் பேசுவோம் என்று மனம் வந்தால், அதையும் சொலிசிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, ஆடுகளுக்கு வருவோம். 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் இந்த இடத்தில் நல்ல கண்டிப்பான சட்டம். சிறுத்தை போன்ற ஆபத்தான இனத்தை வைத்திருப்பவர், அது செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு. அவர் கவனமில்லாமல் இருந்தார் என்று நீங்கள் காட்ட வேண்டியதே இல்லை. கூட்டுக்கு மூன்று பூட்டுப் போட்டிருந்தாலும் பொறுப்புத்தான். இன்னும் ஒன்று: மிருகத்தை அவிழ்த்துவிட்டு, 'இனி அது என்னுடையது இல்லை' என்று கையைத் தட்டிவிட்டுப் போக முடியாது. வேறொருவர் பொறுப்பேற்கும் வரை, கடைசியாக வைத்திருந்தவரே பொறுப்பாளராக நீடிக்கிறார்.

சட்டம் இவ்வளவு நல்லதாக இருந்தும் இந்தக் கறுப்புப் 'பெரிய பூனை' (சிறுத்தை, பூமா போன்ற மிருகங்கள்) வழக்குகள் நீதிமன்ற வாசலுக்கே வருவதில்லை. காரணம் எளிது: பொறுப்பாளரைப் பிடிக்க வேண்டும், அதற்கு முதலில் மிருகத்தைப் பிடிக்க வேண்டும். இப்படியான மிருகங்கள் இங்கே எப்படி வந்தன என்று கேட்பீர்கள். 1969இல் லண்டன் ஹரொட்ஸ் கடையில் சிங்கக்குட்டியே விலைக்குக் கிடைத்தது. 1976இல் ஆபத்தான காட்டுவிலங்குச் சட்டம் வந்து, கவுன்சிலின் அனுமதி, காப்புறுதி, மிருக வைத்தியரின் பரிசோதனை எல்லாம் வேண்டும் என்றது. அப்போது சிலர் செலவுக்குப் பயந்து காட்டில் விட்டுவிட்டார்கள் என்பது இன்றும் ஊருக்கு ஊர் சொல்லப்படும் கதை. எல்லாமே கற்பனை என்று சொல்ல நான் தயாரில்லை. 1980இல் ஸ்கொட்லாந்தின் கன்னிக் என்ற இடத்தில் ஒரு விவசாயியின் பொறிக்கூட்டில் நிஜமான பூமா ஒன்று அகப்பட்டது. ஆள் பழக்கம் உள்ள பூமா, அதாவது யாரோ வளர்த்தது. யார் என்பதுதான் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். கோர்ன்வோலின் பொட்மின் மூரில் ஆடுகள் சாகின்றன என்று விவசாய அமைச்சே 1995இல் பல மாதம் ஆராய்ந்தது. நிரூபிக்கக்கூடிய ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனால் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது என்றது அறிக்கை. அது வெளிவந்து சில நாட்களில் ஒரு பையன் ஃபோவி ஆற்றில் மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தான். இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பார்த்தது. சிறுத்தையின் மண்டையோடுதான், சந்தேகமில்லை. ஆனால் உள்ளே வெப்பநாட்டுக் கரப்பான் ஒன்றின் முட்டைக்கூடு ஒட்டியிருந்தது, பின்பக்கமும் வெட்டப்பட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து தரைவிரிப்பாக வந்த சிறுத்தைத் தோலின் தலை அது. உங்கள் கையில் நாளைக்கு எது கிடைத்தாலும், எதிர்த்தரப்பு அந்த முட்டைக்கூட்டைத்தான் தேடும்.

அதனால் அடுத்த ஆடு சாகக்கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள், செத்தால் இப்படிச் செய்யுங்கள். நரியும் காகமும் வாய் வைக்கும் முன், கடித்த இடத்தைச் சுற்றி எச்சில் மாதிரி எடுக்க மிருக வைத்தியரை உடனே கூப்பிடுங்கள். எச்சிலிலிருந்து மரபணு எடுக்கலாம். வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஒரு செம்மறி உடலிலிருந்து எடுத்த மாதிரியில் பெரிய பூனை இனத்தின் மரபணு கிடைத்ததாக 2024இல் செய்தி வந்தது, அதைப் பார்த்தது வோர்விக் பல்கலைக்கழக ஆய்வுகூடம். காலடித் தடத்தின் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நாயின் தடத்தில் நகம் பதியும், பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கமெரா வைத்தால், அதன் பார்வையில் ஒரு அடிக்கு ஒரு கோடு போட்ட தடி ஒன்றையும் நட்டுவிடுங்கள். இருட்டில் எடுத்த படத்தில் வீட்டுப் பூனையும் சிறுத்தையும் ஒரே உயரம். கமெரா உங்கள் காணியை மட்டும் பார்க்கட்டும், பெரியவரின் கொட்டிலைப் பார்க்க வேண்டாம். உடலைப் புதைத்துவிடாதீர்கள், இங்கே பண்ணை விலங்குகளைக் காணியில் புதைப்பதற்குத் தடை இருக்கிறது.

கொட்டிலைப் பற்றிய சந்தேகத்துக்குச் சரியான இடம் கவுன்சில். உங்கள் பகுதியில் பெரிய பூனைகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேளுங்கள், இருபது வேலைநாட்களில் பதில் வர வேண்டும். பெயரைத் தரமாட்டார்கள், எண்ணிக்கையைத் தரக்கூடும். அனுமதியின்றி வளர்ப்பதாகத் தெரிந்தால் கவுன்சில் மிருகத்தைப் பறிமுதல் செய்யலாம். உங்கள் முறைப்பாட்டில் கண்டதை மட்டும் எழுதுங்கள், ஊர்க்கதை வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். இந்த நாட்டில் கழுத்துக் கடிபட்டுச் சாகும் ஆடுகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய நாய். அது உங்களுக்கு நட்டமும் இல்லை: ஆட்டைக் கொன்ற நாயின் உரிமையாளரும் அதே 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின் கீழ், கவனக்குறைவு நிரூபிக்காமலே, பொறுப்பாளர்தான். இரண்டு செம்மறியின் விலை 10,000 பவுணுக்குக் கீழ்தானே, சிறுவழக்குப் பிரிவில் நீங்களே போடலாம். நாய்க்கு உரிமையாளரைக் கண்டுபிடிப்பதும் சுலபம்.

துவக்குக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மிருகம் யாருடையதாவது இருந்தால், அது சட்டத்தில் ஒருவருடைய சொத்து, சுட்டால் சொத்துச் சேதம் என்ற குற்றச்சாட்டு வரலாம். ஆட்டைக் காப்பாற்றத்தான் சுட்டேன் என்று வாதாடலாம், ஆனால் ஆடு செத்த பிறகு இரவு முழுக்கக் காத்திருந்து சுட்டவருக்கு அந்த வாதம் மெலிந்துவிடும். துவக்கு அனுமதியே பறிபோகலாம். காயப்பட்டுப் பற்றைக்குள் போன சிறுத்தை எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்திக் கருக்கலில் அவர் சுட்டது யாருடையதோ கறுப்பு லாப்ரடோர் நாயாக இருந்தால், 48 மணி நேரத்துக்குள் பொலிஸில் அறிவிக்காமல் விட்டாலே அவருடைய முக்கியமான சட்டப் பாதுகாப்பு போய்விடும். மிருகம் கண்ணுக்கு முன்னால் நின்றால் 999 என்ற அவசர இலக்கம், போய்விட்டால் அவசரமில்லாத பொலிஸ் இலக்கமான 101. ஒவ்வொரு தடவையும் அவர்கள் தரும் இலக்கத்தை எழுதி வையுங்கள்.