மூன்று பிரதிகள் இருந்தும் ஒரு கணினி நின்றதும் டேட்டாபேஸ் முழுவதும் ஏன் விழுந்தது?

சுங்கை சிப்புட் தோட்ட அலுவலகத்தில் மூன்று கணினிகளில் குபர்னெட்டீஸ் (செயலிகளைப் பல கணினிகளில் பகிர்ந்து ஓட்டும் மென்பொருள்), எடை மேடைக் கணக்குக்கு கிளவுட்நேட்டிவ்பிஜி ஆபரேட்டர் (அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பராமரிக்கும் நிரல்) என்கிறீர்கள். மூன்று பிரதிகளும் எந்தக் கணினியில் ஓடின என்று பாருங்கள். அநேகமாக ஒன்றிலேயே இருந்திருக்கும்.

எனக்கும் இதே நடந்தது. செம்பனைக் குலை லோரிகள் வரிசையாக நிற்க, திரையில் எடை பதியவில்லை. காரணம் 'பாட் ஆன்டி அஃபினிட்டி டைப்' என்ற அமைப்பு. பாட் என்பது குபர்னெட்டீஸில் ஒரு பிரதி ஓடும் கூடு; அவற்றைத் தனித்தனிக் கணினிகளில் வைப்பதா என்று இந்த அமைப்புதான் சொல்லும். அதன் இயல்பு மதிப்பு 'பிரிஃபர்டு': முடிந்தால் பிரித்து வை, இல்லாவிட்டால் பரவாயில்லை. நிறுவும் நேரத்தில் ஒரு கணினிதான் தயாராக இருந்தால், எல்லாம் அங்கேயே குடியேறிவிடும். அதை 'ரிக்வயர்டு' ஆக்குங்கள்: கட்டாயம் பிரித்து வை.

ஆனால் மாற்றினால் மட்டும் போதாது. கணினியின் சொந்த வட்டில் இருக்கும் பிரதி தானாக இடம் மாறாது. முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு பிரைமரியை (எழுத்துகளை ஏற்கும் முதன்மைப் பிரதியை) தொடாமல், வேறொரு பிரதியின் 'பாட்'டையும் அதன் வட்டுக் கோரிக்கையையும் (வட்டில் இடம் கேட்கும் பிவிசி பதிவையும்) நீக்குங்கள். ஆபரேட்டர் வேறு கணினியில் புதிதாக ஒன்றை உருவாக்கும். அது பிரைமரியை எட்டிப் பிடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இங்கே அவசரமே கூடாது.

அப்புறம், உங்கள் செயலி பாட் பெயரை நேரடியாகக் கூப்பிட வேண்டாம். 'ஆர்டபிள்யூ' என்று முடியும் சர்வீஸ் (குபர்னெட்டீஸ் தரும் நிலையான முகவரி) எப்போதும் பிரைமரியிடம் கொண்டுபோகும். பிரைமரி மாறினாலும் முகவரி மாறாது.

பேக்கப்பையும் தினமும் ஓட விடுங்கள், வெளியே ஓரிடத்தில். யாராவது டேட்டாபேஸில் ஒரு தரவு அட்டவணையை அழித்தால், அந்த அழிவு மற்றப் பிரதிகளுக்கும் உடனே போய்விடும்.